தமிழ் வழியாக ஜப்பானியம்: மொழிப்பள்ளியின் முதல் மாதங்கள்

கேள்வி: குன்னூரில் பி.காம் முடித்திருக்கிறேன். ஜப்பானிய மொழித் தேர்வில் என்5 நிலையில் தேறிவிட்டேன். வரும் அக்டோபரில் ஜப்பானில் ஒரு மொழிப்பள்ளியில் சேரப் போகிறேன். போய் வந்தவர்கள் சிலர், முதல் சில மாதங்கள் எதுவுமே புரியாது, அழுகைதான் வரும் என்கிறார்கள். நான் பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ் வழியில் படித்தவள், ஆங்கிலமும் சுமார்தான். எனக்கு இது சரிப்படுமா? போவதற்கு முன் எதைத் தயார் செய்ய வேண்டும்?

பதில்:

தங்கைக்கு வணக்கம். நீங்கள் கடைசியாகச் சொல்லியிருக்கும் கவலையை முதலில் எடுத்துக்கொள்கிறேன். தமிழ் வழியில் படித்ததும், ஆங்கிலம் சுமாராக இருப்பதும் ஜப்பானியம் படிப்பதற்கு ஒரு குறையே அல்ல. ஆங்கிலத்தில் சரளமாகப் பேசும் பிள்ளைகளைவிட, தமிழை ஒழுங்காகப் படித்த பிள்ளைகள் ஜப்பானிய வாக்கியத்தை வேகமாகப் பிடித்துக்கொள்வதை என் வகுப்பிலேயே பல முறை பார்த்திருக்கிறேன். ஆனால், தமிழ் வழியாகவே படிக்க வேண்டும். ஜப்பானியத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து, அந்த ஆங்கிலத்தை மறுபடி தமிழுக்குக் கொண்டுவரும் சுற்றுவழியில் போனால் வேலை இரட்டிப்பாகும், பொருளும் பாதி வழியிலேயே சிந்திப்போகும். முதல் இரண்டு மாதங்களை நான் அப்படித்தான் வீணாக்கினேன். நீங்கள் வீணாக்கக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், பிறந்தவள். வீட்டில் படுகு மொழி, பள்ளியில் தமிழ். அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. 2013 அக்டோபரில் ஷிசுவோகா நகரில் ஒரு மொழிப்பள்ளியில் சேர்ந்தேன். ஆறு ஆண்டுகள் அந்த நாட்டில் இருந்துவிட்டு ஊர் திரும்பி, இப்போது மாலை வேளைகளில் இங்கேயே ஜப்பானியம் சொல்லிக்கொடுக்கிறேன்.

எதுவுமே புரியாது என்று உங்களிடம் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. என்5 முதல் என்1 வரை ஐந்து நிலைகள் கொண்ட அந்தத் தேர்வில் சொல், இலக்கணம், வாசிப்பு, கேட்டல் ஆகியவை உண்டு. பேசச் சொல்லும் பகுதியே கிடையாது. வினாத்தாளோடு வரும் ஒலிப்பதிவில் நிதானமாகப் பேசுவார்கள். கடையில் நிற்பவர் அப்படிப் பேச மாட்டார். போய்ச் சேர்ந்த மறுநாள் ஒரு கடையில் சோற்றுப் பொட்டலம் வாங்கினேன். கல்லாவில் இருந்த பெண் ஏதோ கேட்டார். எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. அவர் மறுபடி கேட்டார். பின்னால் வரிசையில் நான்கு பேர். நான் தலையை ஆட்டினேன். நம் ஊர்த் தலையாட்டல் ஆமாவா இல்லையா என்பது அவருக்கு விளங்கவில்லை. "சூடு செய்து தரவா?" என்பதுதான் அவர் கேட்டது. 'அததமெமஸ் கா' என்ற அந்த இரண்டு சொற்களை நான் ஏற்கெனவே புத்தகத்தில் படித்திருந்தேன். கண்ணுக்குத் தெரிந்த சொல் காதுக்குத் தெரியவில்லை. முதல் மாதங்களின் துயரம் முழுவதும் இதுதான். உங்களுக்கு மொழி தெரியாமல் இல்லை, காது இன்னும் வந்து சேரவில்லை. அதற்கு மூன்று நான்கு மாதங்கள் ஆகும். அழுகை வந்தால் அழுதுவிடுங்கள், ஆனால் அதை உங்கள் அறிவுக் குறைவு என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அலுவலக வேலைகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். பெரிய விமான நிலையங்களில் இறங்கும்போதே வசிப்பு அட்டை தந்துவிடுவார்கள். பகுதிநேர வேலைக்கான அனுமதியையும் அங்கேயே விண்ணப்பித்து வாங்கிக்கொள்ளலாம். தங்கும் இடம் முடிவானதும் 14 நாட்களுக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும், அப்போதே தேசிய மருத்துவக் காப்பீட்டிலும் சேர்ந்துவிடுங்கள். மருத்துவச் செலவில் 30 விழுக்காடுதான் நம் கையிலிருந்து போகும்.

இதில் பெயர் விஷயம் மட்டும் கொஞ்சம் நின்று பேச வேண்டியது. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. பட்டச் சான்றிதழில் ஓர் எழுத்தாக நிற்கும் தலைப்பெழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப் பெயராக விரிந்துவிடும். சேர்க்கைத் தாள்களைச் சரிபார்ப்பவர்களுக்கு இவை இரண்டு வேறு ஆட்களைப் போலத் தெரியும். எல்லாத் தாளிலும் பெயர் ஒன்றுபோல இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்கும் இடத்தில் அப்பாவின் பெயர் இருந்தால், அங்கே உங்களை எல்லோரும் அந்தப் பெயரோடு 'சான்' என்ற மரியாதைச் சொல்லைச் சேர்த்துத்தான் அழைப்பார்கள். என்னையும் அப்படித்தான் அழைத்தார்கள். எங்கள் வீட்டில் அம்மா ஒரு நாளும் வாய்விட்டுச் சொல்லாத பெயர் அது. முதல் நாள் வருகைப் பதிவில் ஆசிரியை அந்தப் பெயரைக் கூப்பிட்டபோது, அப்பா வந்து வாசலில் நிற்கிறாரோ என்று திரும்பிப் பார்த்தேன். எழுந்து நின்று 'ஹை' என்று சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. பிறகு அது பிடித்துப்போயிற்று.

மொழிப்பள்ளியில் வாரத்துக்கு 20 பாடவேளை. காலை அல்லது மாலை, நாளுக்கு நான்கு. ஆசிரியர்கள் ஜப்பானியத்தை ஜப்பானியத்திலேயே நடத்துவார்கள், படம் காட்டுவார்கள், நடித்துக் காட்டுவார்கள். என் வகுப்பில் வியட்நாம், நேபாளம், சீனா, இலங்கை மாணவர்கள் இருந்தார்கள். ஆங்கிலத்தில் கேள்வி கேட்டால் பதில் சொல்ல அங்கே ஆள் இல்லை. அப்படியிருந்தும் நான் என் நோட்டில் ஒவ்வொரு இலக்கணத்துக்கும் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதி, அதை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். படிப்பு என்றாலே ஆங்கிலம் என்று ஒரு பழக்கம்.

டிசம்பரில் ஒரு நாள் ஆசிரியை ஒரு பை நிறைய மிகான் கொண்டுவந்தார். நம் கமலா ஆரஞ்சைப் போன்ற பழம், அந்த மாவட்டத்தில் நிறைய விளைகிறது. என் மேசையில் ஒன்றை வைத்துவிட்டு, 'தபெதெ மிதெ குதசாய்' என்றார். நோட்டில் அந்த இலக்கணத்துக்கு முயற்சி என்ற பொருளில் ஓர் ஆங்கிலச் சொல்லை எழுதி வைத்திருந்தேன். பழம் தின்பதற்கு என்ன முயற்சி வேண்டியிருக்கிறது என்று குழம்பிக்கொண்டே உரித்தேன். உரிக்கும்போது சொற்களைத் தனித்தனியாக எண்ணினேன். தபெதெ என்றால் சாப்பிட்டு. மிதெ என்பது பார். குதசாய், தாருங்கள் என்ற பணிவு. சாப்பிட்டுப் பாருங்கள்! அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியில் எடுத்து நீட்டும்போது சொல்வது. நோட்டில் எழுதியிருந்த ஆங்கில வரியை அங்கேயே அடித்தேன்.

அன்று இரவு நோட்டு முழுவதையும் தமிழில் திருப்பி எழுத உட்கார்ந்தேன், விடிந்துவிட்டது. வீட்டை விட்டுக் கிளம்பும்போது அவர்கள் 'இத்தெகிமஸ்' என்கிறார்கள், போய் வருகிறேன் என்பதுதான் அது. நாமும் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்ப மாட்டோம். வீட்டில் இருப்பவர் 'இத்தெரஷ்ஷாய்' என்று, போய் வா என்று வழியனுப்புகிறார். 'கைதெ ஒகு' என்றால் எழுதி வை. 'வசுரெதெ ஷிமைமஷிதா' என்றால் மறந்துவிட்டேன், அந்த 'விடு' உட்பட. 'கிதெ இமஸ்' என்றால் வந்திருக்கிறார். 'கிகு' என்ற ஒரே வினை காதால் கேட்பதற்கும் உண்டு, ஒருவரிடம் கேள்வி கேட்பதற்கும் உண்டு. நம் 'கேள்' போலவே. ஆங்கிலத்தில் இதற்கு இரண்டு சொற்கள் தேவைப்படும். நானும், யாரும் என்பதில் நாம் போடும் 'உம்' அவர்களிடம் 'மொ'. என்று சொன்னார் என்பதில் வரும் 'என்று' அவர்களிடம் 'தொ', அதே இடத்தில், வினைக்கு முன்னால். 'நேற்று நான் வாங்கிய புத்தகம்' என்பதை ஜப்பானியமாக்க ஒரு சொல்லைக்கூட இடம் மாற்ற வேண்டியதில்லை. ஆங்கிலம் வழியாக வரும் மாணவர் இதே தொடருக்காக வாக்கியத்தைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பழக வேண்டும்.

அவர்களின் சுட்டுச் சொற்கள் நான்கு: கொரெ, சொரெ, அரெ, தொரெ. என் அருகில் இருப்பது, கேட்பவர் அருகில் இருப்பது, இருவருக்கும் தொலைவில் இருப்பது, வினா. அகரம், இகரம், உகரம் என்று மூன்று சுட்டெழுத்துகளைப் பள்ளியில் படித்தோமே, நினைவிருக்கிறதா? இது, உது, அது, எது. நம் பேச்சில் உகரச் சுட்டு வழக்கொழிந்துவிட்டது, யாழ்ப்பாணத்தார் இன்னும் சொல்கிறார்கள். என் வகுப்பில் இருந்த யாழ்ப்பாண மாணவர் 'சொரெ'வை முதல் நாளே புரிந்துகொண்டார். நான் இலக்கண நூலை நினைவுபடுத்திக்கொண்ட பிறகுதான் புரிந்துகொண்டேன்.

இன்னொன்று இதைவிட ஆழமானது. கொடுத்தல் என்பதற்கு ஜப்பானியத்தில் இரண்டு வினைகள். பிறருக்குக் கொடுத்தால் 'அகெரு', எனக்குக் கொடுத்தால் 'குரெரு'. வெளிநாட்டு மாணவர்கள் எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது. தொல்காப்பியத்தின் கிளவியாக்கத்தில், தருதலும் வருதலும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை, கொடுத்தலும் செல்லுதலும் படர்க்கைக்கு உரியவை என்று ஒரு விதி இருக்கிறது. எனக்குத் தா, அவனுக்குக் கொடு. குரெரு என்றால் தா, அகெரு என்றால் கொடு. இன்றைய தமிழில் அந்த எல்லை கலைந்துவிட்டது, ஆனால் விதி நம்முடையது. இதை என் மாணவர்களுக்குச் சொல்லும்போது அவர்கள் முகத்தில் வரும் தெளிவு எனக்கு இன்றும் அலுக்கவில்லை.

இரட்டைக்கிளவியை விட்டுவிட்டால் மனம் ஆறாது. பளபள என்பது அவர்களுக்குப் 'பிகா பிகா'. மினுமினு என்பது 'கிரா கிரா'. நெஞ்சு படபடப்பது 'தொகி தொகி'. இப்படி நூற்றுக்கணக்கில் உண்டு, சிறுபிள்ளைப் பேச்சாக அல்லாமல் செய்தித்தாளிலும் மருத்துவரிடமும் புழங்கும் சொற்களாக. தலைவலி என்று போனால், விண்விண் என்று தெறிக்கிறதா என்ற மாதிரி மருத்துவர் கேட்பார். தமிழருக்கு இது புதிதா என்ன?

இவ்வளவு ஒற்றுமை இருப்பதால் இரண்டும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று பேசுகிறவர்கள் உண்டு. ஓனோ சுசுமு என்ற ஜப்பானிய அறிஞர் பல ஆண்டுகள் இதற்காக உழைத்தார். யாழ்ப்பாணத்துப் பேராசிரியர் சண்முகதாஸும் மனோன்மணி சண்முகதாஸும் அவரோடு சேர்ந்து ஆய்வு செய்தார்கள். பெரும்பாலான மொழியியலாளர்கள் அந்த உறவை ஏற்கவில்லை. ஒரே வகையான வாக்கிய அமைப்பு உறவில்லாத மொழிகளுக்குள்ளும் அமையலாம், கொரிய மொழியும் துருக்கி மொழியும் இதே வரிசையில்தான் பேசுகின்றன. உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் நமக்குக் கிடைக்கும் உதவி உண்மையானது. அதை எடுத்துக்கொள்ளுங்கள், வகுப்பில் போய் வாதம் செய்ய வேண்டாம்.

தமிழ் கைவிடும் இடங்களும் உண்டு. பெரியது எழுத்து. இந்தப் பதிலில் நான் ஜப்பானியச் சொற்களைத் தமிழெழுத்தில் எழுதியிருப்பது உங்களுக்கு ஒலியைக் காட்டுவதற்காக மட்டுமே. நீங்கள் உங்கள் நோட்டில் ஒரு நாளும் இப்படி எழுதாதீர்கள். தமிழில் வல்லின எழுத்து ஒன்றுதான், அது சொல்லில் நிற்கும் இடத்தைப் பொறுத்து ஒலி மாறும். ஜப்பானியத்தில் அழுத்திச் சொல்வதும் அதிர்த்துச் சொல்வதும் வேறு வேறு எழுத்து, வேறு வேறு பொருள். பல்கலைக்கழகத்துக்கான சொல்லையும், படிப்பை விட்டு நிற்பதற்கான சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டும் 'தைககு'தான். முதல் மாதத்தில், எதிர்காலத் திட்டம் பற்றிப் பேசச் சொன்னபோது, அடுத்து பல்கலைக்கழகம் போக விரும்புகிறேன் என்று சொல்லப் போய், படிப்பை விட விரும்புகிறேன் என்று சொல்லிவிட்டேன். வகுப்பு முடிந்ததும் ஆசிரியை என்னைத் தனியே அழைத்து, பணக் கஷ்டமா, உடம்பு சரியில்லையா என்று கவலையோடு விசாரித்தார். எனக்கு வருத்தம் என்னவென்றால், என் வாய்க்கு அந்த வேறுபாடு பிறந்ததிலிருந்தே தெரியும். 'வா' என்பதைப் படுகு மொழியில் உதடு அதிரும் 'பா'வாகச் சொல்வோம். வாய்க்குத் தெரிந்ததை என் நோட்டு மறைத்துவிட்டது. எனவே போவதற்கு முன் அவர்களின் இரண்டு ஒலியெழுத்து வரிசைகளான ஹிரகானா 46, கதகானா 46, இரண்டையும் யோசிக்காமல் வாசிக்கும் அளவுக்குக் கொண்டுவாருங்கள். தெரியும் என்ற அளவு போதாது. பஸ்ஸில் போகும்போது கடைப் பலகை எப்படித் தானாகக் கண்ணில் விழுந்து படிக்கப்படுகிறதோ, அப்படி விழ வேண்டும்.

குறில் நெடிலும் ஒற்று இரட்டித்தலும் நமக்குத் தாய்ப்பால். 'ஒபசான்' என்றால் அத்தை, 'ஒபாசான்' என்றால் பாட்டி. மற்ற நாட்டு மாணவர்கள் மாதக்கணக்கில் திணறிய இடத்தைத் தமிழ்க் காது முதல் வாரத்திலேயே தாண்டிவிடும். உயர்திணை, அஃறிணை மட்டும் சற்று இடிக்கும். இருக்கிறது என்பதற்கு உயிருள்ளதற்கு 'இமஸ்', இல்லாததற்கு 'அரிமஸ்'. மாடும் பூனையும் அவர்களுக்கு மனிதரோடு ஒரே பக்கம். நான் நெடுநாள் எருமையை மேசையோடு சேர்த்துக்கொண்டிருந்தேன்.

கான்ஜி எனப்படும் சித்திர எழுத்தைப் பற்றி எல்லோரும் பயமுறுத்துவார்கள். அன்றாடப் பயன்பாட்டுக்கென 2010இல் அரசு திருத்திய பட்டியலில் 2136 எழுத்துகள். ஆரம்பப் பள்ளி ஆறு ஆண்டுகளில் அவர்களின் பிள்ளைகள் படிப்பது 1026. அந்த நாட்டிலேயே பிறந்த பிள்ளைக்கு ஆறு ஆண்டு கொடுக்கிறார்கள் என்றால், உங்களுக்கும் நீங்கள் கொஞ்சம் காலம் கொடுங்கள். சீன மாணவர்கள் முதல் தேர்விலேயே முழு மதிப்பெண் வாங்குவார்கள், அவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்து நோகாதீர்கள். எனக்கு முதலில் மனதில் ஒட்டிய எழுத்து தேயிலைக்கானது. ஒன்பது கோடுகள். மேலே புல், கீழே மரம், நடுவில் மனிதர். நினைவில் வைக்க ஆசிரியை சொன்ன வழி அது. எனக்கோ அது நினைவுக் குறிப்பே அல்ல. இடுப்பளவு பச்சைக்குள் மேற்பாதி மட்டும் தெரிய நின்று கொழுந்து பறிக்கும் அம்மாவின் படம். அதன்பிறகு ஒவ்வொரு எழுத்துக்கும் ஊரிலிருந்து ஒரு படம் தேடினேன். நீங்களும் தேடுங்கள், மற்றவர் சொல்லித்தரும் கதை அவ்வளவு நாள் நிற்காது.

ஷிசுவோகாவை நான் தேர்ந்தெடுத்ததற்கே தேயிலைதான் காரணம். கானயா, கிகுகவா ரயில் நிலையங்களை ஒட்டிய மகினோஹரா மேட்டில் கண்ணுக்கெட்டிய தூரம் தோட்டம், நடுவே கம்பங்களில் மின்விசிறிகள். முதன்முறை பார்த்தபோது என்னவென்றே புரியவில்லை. உறைபனி விழும் இரவில் மேலே நிற்கும் சற்றுச் சூடான காற்றைக் கீழே தள்ளிக் கொழுந்தைக் காப்பாற்றுவதற்காம். நாம் டிசம்பர், ஜனவரியில் செடி கருகிவிடுமே என்று புல்லையும் தழையையும் பரப்பி மூடுகிறோமே, அதே பயம். இரண்டு இலை ஒரு மொட்டு என்று நாம் சொல்வதை அவர்கள் 'இஷ்ஷின் நியோ' என்கிறார்கள், ஒரு குருத்து இரண்டு இலை. எங்கள் ஊரில் கறுப்புத் தேயிலை செய்கிறோம் என்று சொல்ல நினைத்துக் கறுப்பு என்ற சொல்லைப் போட்டேன். ஆசிரியை 'கோச்சா' என்று திருத்தினார். கோச்சா என்றால் சிவப்புத் தேநீர். ஆங்கிலம் இலையின் நிறத்தைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறது, அவர்கள் கோப்பையில் ஊற்றிய சாயத்தின் நிறத்தைப் பார்த்திருக்கிறார்கள். அவர்களின் பச்சைத் தேநீரோ, பறித்தவுடன் ஆவியில் வேகவைத்து இலை சிவக்காமல் நிறுத்தியது. நம் ஊரில் பச்சைத் தேயிலை என்றால் தொழிற்சாலைக்கு எடை போடும் கொழுந்து. நீங்கள் குன்னூர் என்பதால் இதையெல்லாம் சொல்கிறேன். உங்கள் ஊரைப் பற்றி அங்கே நிச்சயம் கேட்பார்கள், அதற்கான சொற்களை முன்கூட்டியே சேர்த்துக்கொள்ளுங்கள். தன் ஊரைப் பற்றி ஐந்து நிமிடம் பேசத் தெரிந்த மாணவரிடம் மனிதர்கள் தாமாக வந்து பேசுவார்கள்.

பணத்தைப் பற்றியும் நேராகச் சொல்லிவிடுகிறேன். மொழிப்பள்ளிக் கட்டணம் ஆண்டுக்கு ஏறத்தாழ 7 முதல் 9 லட்சம் யென் ஆகும், தங்குவதும் உண்பதும் தனி. மாணவர் விசாவில் வாரத்துக்கு 28 மணி நேரம்வரைதான் பகுதிநேர வேலை பார்க்கலாம். நீண்ட விடுமுறைகளில் நாளுக்கு 8 மணி நேரம். வேலை பார்த்தே கட்டணம் கட்டிவிடலாம் என்று யாராவது ஏஜெண்ட் சொன்னால் நம்பாதீர்கள். என்னை அனுப்பிவைத்தவரும் அப்படித்தான் சொன்னார், அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் மறுபடி கடன் வாங்க வேண்டியதாயிற்று. முதல் ஆண்டுச் செலவு கையில் இருந்தால் மட்டும் கிளம்புங்கள். வேலை பார்க்கும்போதும், பொட்டலம் கட்டும் தொழிற்சாலையில் இரவு வேலை வேண்டாம். இரவு கூலி கூடுதல்தான். ஆனால் இயந்திரத்தின் முன் எட்டு மணி நேரம் வாய் பேசாமல் நின்றுவிட்டு, காலையில் வகுப்பில் தூங்கிவிழுந்த நண்பர்களை நிறையப் பார்த்தேன். வருகைப் பதிவு குறைந்தால் விசா நீட்டிப்பிலும் சிக்கல் வரும். முதல் மூன்று மாதம் வேலையே வேண்டாம், பிறகு மனிதர்களோடு பேசும் வேலையாகப் பாருங்கள். நான் ஒரு சிறிய உணவகத்தில் பாத்திரம் கழுவினேன். அடுப்படியில் இருந்த மூதாட்டி ஓயாமல் பேசுவார், யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் போதும் அவருக்கு. என் காதைத் திறந்தவர் அவர்தான்.

அறைக்குத் திரும்பியதும் அம்மாவோடு தொலைபேசியில் பேசத் தோன்றும். நமக்கும் அவர்களுக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம், நீங்கள் சாப்பிட்டு முடிக்கும்போது இங்கே மாலை தேநீர் நேரம். பேசுங்கள், ஆனால் அரை மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தமிழர்கள் மட்டுமே இருக்கும் அறையில் தங்குவதையும் கூடியவரை தவிருங்கள். இது கொஞ்சம் கடுமையாகத் தோன்றலாம், முதல் ஆறு மாதத்துக்கு மட்டும் சொல்கிறேன்.

அக்டோபருக்குள் செய்ய வேண்டியது: எழுத்துகளைச் சொன்னேன். அதோடு, தினமும் இருபது நிமிடம் ஒரே ஒலிப்பதிவை எடுத்துக்கொண்டு, பேசுபவரின் வேகத்திலேயே கூடவே வாய்விட்டுச் சொல்லுங்கள். புரிகிறதா என்று பார்க்க வேண்டாம், மூச்சு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். வினையெச்சத்தோடு வரும் துணைவினைகளை, அதாவது வை, விடு, பார், இரு, வா ஆகியவற்றை வைத்துத் தமிழில் நூறு வாக்கியம் எழுதி, ஒவ்வொன்றையும் ஜப்பானியத்தில் சொல்லிப் பழகுங்கள். சாமான்களில் ரசப்பொடி போதும், அரிசி அங்கே கிடைக்கும். குளிர் நமக்குப் பழக்கம்தான் என்று அசட்டையாக இருந்துவிடாதீர்கள், அங்கே வெயில் காலத்துப் புழுக்கம்தான் மலைக்காரர்களை வாட்டும்.

எப்போது பேச்சு வரும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதுதான் உங்கள் மனதில் இருக்கும். எனக்கு ஐந்தாவது மாதம், பிப்ரவரியில் வந்தது. உணவகத்தில் வேலை முடிந்து திரும்பும் வழியில் ஒரு தேநீர்க் கடை. ஒரு நாள் மழைக்கு ஒதுங்கி உள்ளே போனேன். அலமாரியில் வரிசையாகச் சிறிய தகர டப்பாக்கள், மேலே கதகானாவில் பெயர்கள். கண் ஒன்றின் மேல் போய் நின்றது. நி. ரு. கி. ரி. நான்கு எழுத்து. ரகர லகர வேறுபாடு இல்லாத மொழி என்பதால் அப்படித்தான் எழுத முடியும். இரண்டாவது முறை படித்தபோதுதான் அது என் மாவட்டத்தின் பெயர் என்று புரிந்தது. நான் டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு அசையாமல் நின்றதைப் பார்த்த கடைக்காரப் பெண்மணி அருகே வந்து, இந்தத் தேநீர் பிடிக்குமா என்று கேட்டார். எங்கள் வீட்டுக் கொழுந்து அந்த டப்பாவுக்குள் வந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு, சிறு விவசாயிகளின் தேயிலை பெரும்பாலும் தூளாகத்தான் போகிறது. அதனால் எங்கள் தேயிலை என்று சொல்ல வாய் வரவில்லை. 'ஹஹ கா ஒச்சா ஒ ட்சுந்தெ இரு யமா தெஸ்' என்றேன். அம்மா, தேயிலையை, பறித்துக்கொண்டிருக்கிற, மலை.

யோசித்துச் சொன்ன வாக்கியம் அல்ல. தமிழில் எந்த வரிசையில் எழுந்ததோ அந்த வரிசையிலேயே வெளியே வந்தது. அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அம்மா எத்தனை மணிக்குத் தோட்டத்துக்குப் போவார் என்று கேட்டார். மழை விட்ட பிறகும் நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.